காஞ்சனாவைத் திரும்பப் போட்டுப் பாத்தன், பாதியில நிப்பாட்டிட்டன்

பாலையூற்றான்:
2011 இல காஞ்சனா வரேக்க எனக்கு 12 வயசு. ராகவா லோரன்ஸ் தானே எடுத்து தானே நடிச்ச படம், 2007 இல வந்த முனிக்கு அடுத்தது. எங்கட வீட்டில கொப்பி டிவிடியிலதான் பாத்தனாங்கள், விறாந்தை நிறைய சனம், முன்வீட்டு அம்மம்மா தன்ர கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து இருந்து பாத்தவ.

கதை தெரியாதாக்களுக்கு: பெடியள் ஆள் போகாத வெறுங்காணிக்க கிரிக்கெட் விளையாடப் போயினம், விக்கெட் அடிக்கேக்க அது கீழ புதைச்ச பிணத்தில பட்டிடுது, அந்த விக்கெட்டை ராகவா வீட்ட கொண்டு போறான், அதோட மூண்டு ஆவியும் போகுது. அதில ஒண்டுதான் காஞ்சனா, திருநங்கை. நாங்களும் அப்ப அப்பிடியொரு வளவுக்கதான் விளையாடினனாங்கள், ஆக்கள் இடம்பெயர்ந்து போய் திரும்பி வராத வீடு, கூரை இல்லை, சுவருக்குள்ள வேம்பு வளந்திருக்கும். படம் பாத்த அடுத்த நாள் விக்கெட்டா நட்டிருந்த பூவரசந்தடி மூண்டையும் புடுங்கி நுனியில ஒட்டியிருந்த மண்ணை எல்லாரும் சுத்தி நிண்டு பாத்தம். ஒருத்தன் மணந்தும் பாத்தவன். ரெண்டு கிழமை ஒருத்தரும் அந்தப் பக்கம் போகேல்ல.

போன சனிக்கிழமை அக்காட பிள்ளையள் ரெண்டும் வந்து நிண்டதுகள், எனக்கு எவ்வளவு விருப்பமான படம் எண்டு சொல்லிச் சொல்லிப் போட்டன். தாயின்ர இடுப்பில ராகவா பாஞ்சு ஏறுற இடமெல்லாம் பழையபடி சிரிப்புத்தான். பிறகு ஆவி புகுந்து அவன் சேலையும் வளையலுமா நடக்கிற கட்டம் வந்துது, சின்னவன் எழும்பி அதே மாதிரி இடுப்பை வெட்டி நடந்து காட்டினான், மூத்தவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். எனக்கு வயித்துக்குள்ள என்னவோ செய்துது. டிவியை நிப்பாட்டிட்டன்.

ஏனெண்டா எங்கட வகுப்பில மெதுவாக் கதைக்கிற பெடியன் ஒருத்தன் இருந்தவன். படம் வந்த பிறகு அவன்ர பேர் காஞ்சனா. ஓ எல் சோதினை முடியுமட்டும் அதுதான் பேர். நானும் அப்பிடித்தான் கூப்பிட்டனான். மிச்சப் படத்தைப் பிள்ளையளுக்குக் காட்டுறதோ விடுறதோ, சொல்லுங்கோ.

டொக்யாட் ரோட்:
தம்பி, உம்மட மனசு விளங்குது, ஆனா நீர் படத்தில பிழை பிடிக்கிறது சரியில்லை. அந்தக் காஞ்சனா ஆர்? வீட்டால துரத்தின பிள்ளை, டொக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு ஏலாமல் போய், தன்னைப் போல இன்னொரு பிள்ளையை எடுத்து வளத்து வெளிநாட்டுக்கு அனுப்பி டொக்டராக்கி, ஏழையளுக்கு ஆஸ்பத்திரி கட்டக் காணி வாங்கின மனிசி. அந்தக் காணிக்காக எம்எல்ஏ கொல்லுறான். அந்த வேசத்துக்கு ஆரைப் போட்டவை? சரத்குமாரை. நாட்டாமையா மீசையை முறுக்கிக்கொண்டு நிண்ட மனிசன் சேலை கட்டி வந்து நிக்கேக்க ஒரு சனமும் சிரிக்கேல்ல, நான் தியேட்டரில இருந்தனான், எனக்குத் தெரியும். அதுவரைக்கும் தமிழ்ப்படத்தில அந்த ஆக்கள் வந்தா கூடுதலா கைதட்டிக்கொண்டு ஓடி வாற பகிடிக் கட்டம்தானே? அந்தக் காலத்தில ஆர் இதையெல்லாம் யோசிச்சவை?

பாலையூற்றான்:
அண்ணா, சரத்குமார் வாற பகுதியை நான் ஒரு சொல்லும் சொல்லேல்ல. அவர் உண்மையாவே உயிரைக் குடுத்து நடிச்சவர். ஆனா "அந்தக் காலம்" எண்டு சொல்லுறதை ஏற்க மாட்டன். தமிழ்நாட்டில திருநங்கையருக்கு எண்டு நலவாரியம் 2008 இலேயே வந்திட்டுது, படத்துக்கு மூண்டு வருசம் முந்தி. தெரியாத காலமில்லை. காஞ்சனா தன்ர உடம்போட வரேக்க மரியாதை, அதே காஞ்சனா ராகவாட உடம்புக்க வரேக்க பகிடி. நடை ஒண்டு, சேலை ஒண்டு, ஆள் ஒண்டு. ஒண்டுக்கு அழச் சொல்லி மற்றதுக்குச் சிரிக்கச் சொன்னா 12 வயசுப் பெடியன் எதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவான்? நாங்க சிரிப்பைத்தான் கொண்டு போனனாங்கள்.

உப்புவெளி அக்கா:
நீங்க ரெண்டு பேரும் காஞ்சனாவையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள், அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தினது கோவை சரளாவும் தேவதர்சினியும் எண்டதை ஒருத்தரும் சொல்லேல்ல. மாமியும் மருமகளும் பேய்க்குப் பயந்து ஒருத்தரை ஒருத்தர் முன்னால தள்ளுற சீனுகளில அந்த டைமிங் வேற ஆருக்கும் வராது. பொம்பிளையளை வைச்சு அடிக்கிற பகிடி இல்லை அது, பொம்பிளையளே அடிக்கிற பகிடி.

இன்னொண்டு. பொழுதுபட்டா தாயைக் கூட்டிக்கொண்டுதான் கக்கூசுக்குப் போவான் ராகவா. எங்கட பழைய வீட்டில கக்கூஸ் கிணத்தடிக்கும் அங்கால, வேலியோட. கரண்ட் நிண்டா அரிக்கன் லாம்பைப் பிடிச்சுக்கொண்டு அம்மா வெளியில நிப்பா, நான் உள்ளுக்க இருந்து "அம்மா நிக்கிறீங்களோ, அம்மா நிக்கிறீங்களோ" எண்டு கேட்டுக்கொண்டே இருப்பன், அவ "ஓம் ஓம்" எண்டுவா, ஒருக்கா மறுமொழி கொஞ்சம் பிந்திட்டுது, நான் போட்ட சத்தத்தில பக்கத்து வளவு நாயெல்லாம் குலைச்சது. அந்தப் பயம் உண்மை, அதாலதான் சிரிப்பும் உண்மை. 2020 இல இதே லோரன்ஸ் இதே படத்தை அக்‌ஷய் குமாரை வைச்சு ஹிந்தியில எடுத்தவர், அதில கதாநாயகன் பேயே இல்லையெண்டு சொல்லுற ஆளா மாத்திப் போட்டினம். பயமில்லாதவனுக்குப் பேய் பிடிச்சா எனக்கென்ன? சிரிப்பே வரேல்ல.

கிண்ணியாப் புள்ள:
அக்கா சொல்றது சரி, கோவை சரளாக்காகவே எத்தினை தரமும் பாக்கலாம். ஆனா எனக்கு அந்தப் படத்தில உறுத்துறது வேற. காஞ்சனாவைத் துரத்தி விட்டப்ப இடம் குடுத்து வளத்தவர் ஒரு முஸ்லிம் மனிசர், பாய் எண்டு கூப்பிடுவாங்க, புத்தி வளராத மகன் ஒருத்தனும் இரிக்கான், ரெண்டு பேரையும் சேத்துக் கொன்னு அதே காணிக்க புதைக்கிறாங்க. எவ்வளவு பெரிய மனசுள்ள ஆள். ஆனா அவர்ர ஆவி ராகவாக்குள்ள வந்தா ஹிந்தி கதைக்கிது. எங்கட வாப்பா படம் பாத்திட்டு, தமிழ்தானே நம்மட பாசை, இவருக்கு ஏன் ஹிந்தி எண்டு கேட்டாரு. கிண்ணியாவில ஆரு வீட்டில ஹிந்தி உருது கதைக்கிறாங்க? தமிழ்நாட்டிலயும் ஊர்வழிய இரிக்கிற முஸ்லிம் ஆக்கள் கனபேருக்குத் தமிழ்தான் வீட்டுப் பாசை. படத்துக்கு முஸ்லிம் எண்டா வேறொரு பாசை வேணும், இல்லாட்டி அடையாளம் தெரியாதாம். அந்தப் புத்தி வளராத புள்ளைட ஆவியையும் சிரிக்கத்தான் வைச்சிரிக்காங்க. அதை ஏன் ஒருத்தரும் கதைக்கல்ல?

டொக்யாட் ரோட்:
தங்கச்சி, அந்தப் பிள்ளையின்ர விசயம் நான் யோசிக்கேல்ல, அது உண்மைதான். ஆனா பட்டப்பேருக்குப் படத்தைக் குற்றம் சொல்லுறதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். நான் படிச்ச காலத்திலயும் அப்பிடியொரு பெடியன் இருந்தவன், அவனுக்கு நாங்க வைச்ச சொல்லை இஞ்ச எழுதேலாது. காஞ்சனா அதைவிட ஆயிரம் மடங்கு நல்ல பேர். படம் வராட்டிலும் உங்கட வகுப்பு அவனைச் சும்மா விட்டிருக்காது.

பாலையூற்றான்:
விட்டிருக்காது எண்டுதான் நானும் நினைக்கிறன். ஆனா அண்ணா, உங்கட சொல்லை நீங்க வெளியில சொல்ல வெக்கப்படுறீங்கள். எங்களுக்கு வெக்கமே இருக்கேல்ல, ஏனெண்டா அது சினிமாப் பேர், பகிடிப் பேர், டீச்சர்மாருக்கு முன்னாலயே கூப்பிட்டம், அவையும் சிரிச்சவை. அவனோட நேற்று வட்ஸப்பில கதைச்சனான், இப்ப வெளிநாட்டில. மன்னிப்புக் கேட்டன். அவன் சொன்னான், படத்தின்ர பின்பாதியை தான் தனிய இருந்து கனதரம் பாத்தவனாம், முன்பாதியை ஒருநாளும் பாக்கிறேல்லையாம்.

சம்பூரான்:
இவ்வளவு நேரம் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தன். நான் இந்தப் படத்தைப் பாத்தது கிளிவெட்டியில, இடம்பெயர்ந்த ஆக்களின்ர முகாமில. 2006 இல ஊரை விட்டு வெளிக்கிட்டு அஞ்சு வருசம், தகரக் கொட்டிலுக்க சின்ன டிவி, வெக்கை, சனம் நெருக்கி இருக்கு. பிள்ளையள் பேயைப் பாத்துச் சிரிக்குதுகள், கத்துதுகள். அப்பா பின்னால நிண்டவர். காஞ்சனா காணிப் பத்திரத்தோட போய் "இது என்ர காணி" எண்டு கேக்கிற மாதிரி ஒரு கட்டம் வருமெல்லோ, அதோட அப்பா வெளிய போயிட்டார். எங்கட காணி உறுதி அப்ப ரங்குப்பெட்டிக்க பொலித்தீனால சுத்திக் கிடந்தது. 2015 இலதான் காணி திரும்பக் கிடைச்சது, வீடிருந்த இடத்தில அத்திவாரம் மட்டும்.

உங்களுக்கெல்லாம் அது பேய்ப்படம், பகிடிப்படம், எல்லாம் சரி. எங்களுக்கு அது காணி பறிபோன ஆளின்ர படம். செத்த பிறகுதான் அவளால தன்ர காணியை மீட்க ஏலுமாயிருக்கு. கடைசியில அவள் நினைச்ச ஆஸ்பத்திரி எழும்புது எண்டு பாக்கேக்க எங்கட கொட்டிலில கைதட்டினவை, சினிமாவில கைதட்டுறது மாதிரி இல்லை. அதால சொல்லுறன் தம்பி, பாதியில நிப்பாட்டாதையும். நீர் நிப்பாட்டின இடத்தில உம்மட மருமகனிட்ட இருக்கிறது அந்த நடை மட்டும்தான். அது ஆரின்ர நடை எண்டு அவனுக்கு இன்னும் தெரியாது.

டொக்யாட் ரோட்:
அதைத்தான் தம்பி நான் முதலே சொல்ல வந்தது, இவ்வளவு வடிவாச் சொல்லத் தெரியேல்ல.

பாலையூற்றான்:
நேற்றிரவு மிச்சத்தைப் போட்டன். சேலைக் கட்டம் வரேக்க சின்னவன் திரும்ப எழும்பினான், இருந்து பார் எண்டு மட்டும் சொன்னன். முன்பாதி பிழை எண்ட என்ர கருத்தில மாற்றமில்லை அண்ணா. பின்கதை தொடங்கி தாய் தேப்பன் காஞ்சனாவை வீட்டை விட்டுத் துரத்தேக்க அவன் மெல்ல நகர்ந்து வந்து என்ர கையோட ஒட்டிக்கொண்டு இருந்தவன். "மாமா, அவ என்ன பிழை செய்தவ?" எண்டு கேட்டான். ஒண்டும் செய்யேல்லையடா எண்டன். "அப்ப ஏன் துரத்தினவை?" எண்டு திரும்பவும் கேட்டான். மூத்தவளும் திரும்பி என்ர முகத்தைப் பாத்தாள்.