படையெறும்பின் பாதத்து உண்ணி: ஒட்டுண்ணியா, கூட்டாளியா?

செம்மண்:
எறும்புகளோடு வாழும் சிற்றுண்ணிகள் எல்லாவற்றையும் ஒட்டுண்ணி என்று ஒரே சொல்லில் அடக்குவதை நான் ஏற்கவில்லை. நடு அமெரிக்கப் படையெறும்பான எசிடான் டல்சியஸின் பின்னங்காலில் வாழும் மேக்ரோகிலிஸ் ரெட்டன்மேயரி என்ற உண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் நுனியிலுள்ள மெல்லிய திண்டைக் கவ்விக்கொண்டு, அங்கிருந்தே அது எறும்பின் இரத்தமான குருதிநீரை உறிஞ்சுகிறது. படையெறும்புகளுக்கு நிலையான புற்று கிடையாது. ஒன்றையொன்று கால் நகங்களால் பற்றித் தொங்கி, ராணியையும் புழுக்களையும் தம் உடல்களாலேயே போர்த்திக் காக்கின்றன. அவ்வாறு தொங்கும்போது, உண்ணியின் வளைந்த பின்னங்கால்களே எறும்பின் நகங்களுக்கு மாற்றாகப் பற்றிக்கொள்கின்றன என்று பூச்சியியலாளர் கார்ல் ரெட்டன்மேயர் 1962இல் பதிவு செய்தார். வாங்கும் உணவுக்கு ஈடாக வேலை செய்யும் உயிரை ஒட்டுண்ணி என்பது முறையா?

அலர்விழி:
செம்மண் அவர்களே, எறும்புக்கு நகம் முன்பே இருக்கிறது. அந்த நகம் பயன்படாதபடி அமர்ந்துகொண்டு, தன் காலை அதற்கு மாற்றாக நீட்டுவதை ஈடு என்று எப்படிச் சொல்வது? பிடி நழுவி எறும்பு விழுந்தால் உண்ணியும் உடன் விழும். எறும்பின் காலடியில் நசுங்கினால் சாவதும் அந்த உண்ணியே. ஆகவே அந்தப் பிடிப்பு உண்ணியின் தற்காப்புக்காக அமைந்தது என்பதே எளிய விளக்கம்.

ஐரோப்பாவில் லாசியஸ் என்ற பேரின எறும்புகள்மேல் வாழும் ஆன்டெனோஃபோரஸ் உண்ணியையும் எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சு எறும்பு ஆய்வாளர் ஷார்ல் ஜானே 1897இல் விவரித்தபடி, ஒன்று மட்டும் இருந்தால் எறும்பின் தலைக்கு அடியிலும், இரண்டு இருந்தால் வயிற்றின் இரு பக்கங்களிலும் அமர்ந்து, சுமை ஒரு பக்கமாகச் சாயாதபடி பார்த்துக்கொள்கின்றன. பின்னர் உணர்கொம்பு போல நீண்ட முன்னங்கால்களால் எறும்பின் வாயை வருடி, அது கக்கும் உணவுத் துளியை உண்கின்றன. சுமப்பவருக்கு வசதியாக அமர்வதால் மட்டும் எந்த உயிரும் நண்பனாகிவிடாது.

செம்மண்:
ஆன்டெனோஃபோரஸ் எறும்பின்மேல் சுமையாக மட்டுமே இருக்கிறது; நான் சொல்லும் உண்ணியோ எறும்பின் எடையைத் தாங்குகிறது. அந்த வேறுபாட்டை உங்கள் ஒப்பீடு விட்டுவிடுகிறது. உண்ணி ஒட்டியிருந்த எறும்புகளின் நடத்தையில் மாற்றம் தென்படவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் கொள்ளவில்லை.

அலர்விழி:
மாற்றம் தென்படவில்லை என்றால் கேடு கண்ணுக்குப் புலப்படவில்லை என்றுதான் பொருள். நன்மை இருக்கிறது என்று பொருளாகாது. இந்த இடைவெளியைத் தாண்டித்தான் உங்கள் வாதம் முழுவதும் நிற்கிறது.

புற்றுமண்:
இருவரும் ஓர் உண்ணியை வைத்தே பேசுகிறீர்கள். மெக்சிகோவில் பாராட்ரெக்கினா லாஞ்சிகார்னிஸ் என்ற எறும்பின் கூட்டுப்புழுவோடு ஒட்டி வளரும் மேக்ரோடினிகஸ் உண்ணி, அந்தக் கூட்டுப்புழுவையே உறிஞ்சிக் கொன்றுவிடுகிறது. மறுபுறம், இடம்பெயர மட்டும் எறும்பின்மேல் ஏறிக்கொள்ளும் உண்ணிகளும் உள்ளன. உறவுக்குப் பெயரிடும் முன் எறும்பின் இழப்பை அளக்க வேண்டும்: உண்ணி உள்ள எறும்பும் இல்லாத எறும்பும் எவ்வளவு நேரம் பிடி தளராமல் தொங்குகின்றன, எவ்வளவு நாள் வாழ்கின்றன என்று ஒப்பிட வேண்டும்.

செம்மண்:
அந்த அளவீட்டை நான் ஏற்கிறேன். உண்ணி உள்ள எறும்பு குறைந்த நேரமே தொங்குகிறது என்று தெரிந்தால், கூட்டாளி என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

அலர்விழி:
சமமான நேரம் தொங்கினாலும் என் கருத்து மாறாது. இழந்த குருதிநீருக்கு ஈடாக எறும்புக்குக் கூடுதலாக ஏதேனும் கிடைத்திருக்க வேண்டும்.