டிஸ்னிலாண்ட் ஆண்டுப் பாஸ்: வீட்டில் எல்லோருக்கும் எடுக்கலாமா?

இர்வைன் அப்பா:

வணக்கம். கலிபோர்னியாவில் இர்வைனுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. டிஸ்னிலாண்ட் இங்கிருந்து ஐ-5 சாலையில் அரை மணி நேரம்தான். மகளுக்கு ஐந்து வயது, உயரம் 39 இன்ச். மகனுக்கு வருகிற மார்ச்சில் மூன்று நிறைகிறது. ஏப்ரலில் கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள்.

போன மாதம் ஒரு நாள் டிக்கெட்டில் போனோம். காலை எட்டு மணிக்கு உள்ளே போய் இரவு பத்துக்கு வெளியே வந்தோம். கடைசி இரண்டு மணி நேரம் மகள் அழுதுகொண்டே இருந்தாள். இவ்வளவு பணம் கொடுத்துவிட்டு எப்படிப் பாதியில் கிளம்புவது என்று நான் அவளைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசையில் போய் நின்றேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது. மேஜிக் கீ (டிஸ்னிலாண்டின் ஆண்டுப் பாஸ்) எடுத்தால் இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வரலாமே என்று மனைவி சொல்கிறாள்.

எந்தக் கீ எடுக்கலாம்? அப்பா அம்மாவுக்கும் எடுக்க முடியுமா? மாதத் தவணையில் கட்டலாம் என்கிறார்களே, அது சரியா? எனக்கு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை. மற்ற நாட்களில் அலுவலகம்.

செரிடோஸ் அம்மா:

தம்பி, மகள் அழுததை எழுதியிருக்கிறீர்களே, எங்களுக்கும் முதல் தடவை அப்படியேதான் நடந்தது. அதற்காகவே 2023 கடைசியில் கீ எடுத்தோம், இரண்டு ஆண்டு வைத்திருந்தோம். முதல் ஆண்டு செய்தது மிக நல்ல செலவு. இரண்டாம் ஆண்டு எடுத்திருக்கவே கூடாது. கீ அதேதான், எங்கள் வீட்டு நாட்கள்தான் மாறிப்போயின.

நான் வீட்டுச் செலவை நோட்டில் எழுதுகிறவள், அதைப் பார்த்தே சொல்கிறேன். நாங்கள் எடுத்தது இமேஜின் கீ. இருப்பதிலேயே விலை குறைந்தது, தென் கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஜிப் கோட் 90000 முதல் 93599 வரை இருக்க வேண்டும், முகவரிச் சான்று கேட்பார்கள். அப்போது ஒன்று 499 டாலர். எனக்கு, கணவருக்கு, மகளுக்கு என்று மூன்று, மொத்தம் 1,497. மகனுக்கு மூன்று வயது ஆகாததால் டிக்கெட்டே தேவையில்லை. அந்த ஆண்டு பதினொரு முறை போனோம். ஓர் ஆளுக்கு ஒரு முறைக்கு 45 டாலர் சொச்சம் விழுந்தது. அப்போது ஒரு நாள் டிக்கெட்டின் மிகக் குறைந்த விலையே 104 டாலர்.

பணத்தை விடுங்கள். அந்தப் பதினொரு நாட்களும் எப்படி இருந்தன என்பதுதான் நான் சொல்ல வந்தது. வியாழக்கிழமை பள்ளி இரண்டரைக்கு விடும். டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் இருந்து நேராகப் போய்விடுவோம். (வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சுட வைக்க வேண்டிய உணவும் கூடாது. நம் சாதத்துக்கு இரண்டும் வேண்டாம்.) மூன்றரைக்கு உள்ளே. முதலில் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகு. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, 1966-ல் இங்கே கொண்டுவந்து வைத்தது. உயரக் கட்டுப்பாடு கிடையாது, உள்ளே குளுகுளுவென்று இருக்கும், கால் மணி நேரம் உட்கார்ந்து வரலாம். மகன் என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மைக்கும் டாட்டா காட்டுவான். இறங்கியதும் "இன்னொரு தடவை" என்பான், போவோம். அப்புறம் நீராவி ரயிலில் பூங்காவை ஒரு சுற்று. ஆறரைக்குச் சாதம். ஏழுக்குக் கார். ஒரு நாள் படகு மட்டும் ஏறிவிட்டுத் திரும்பினோம், யாருக்கும் குறை இல்லை. ஒரு நாள் டிக்கெட்டில் எனக்கு அந்த மனசு வந்திருக்காது.

இரண்டாம் ஆண்டுக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் இமேஜின் 599 ஆனது. மகனுக்கு மூன்று முடிந்துவிட்டது. கீயில் குழந்தை விலை என்று தனியாகக் கிடையாது, மூன்று வயதுக் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே விலை. நான்கு பேருக்கு 2,396. மகளுக்கு வியாழன் பரதநாட்டியம் சேர்ந்தது, கணவருக்கு அலுவலகம் வாரம் ஐந்து நாள் ஆனது. எங்களுக்கு மிஞ்சியது சனி, ஞாயிறு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. அது இல்லாவிட்டாலும் இமேஜினில் வார இறுதியில் பெரும்பகுதி தடை நாள்தான் (அந்தக் கீயை வைத்து உள்ளே போக முடியாத நாள்), கோடை விடுமுறையும் கிட்டத்தட்ட அப்படியே. ஆக நான்கே முறை போனோம். ஆளுக்கு ஒரு முறைக்கு 149 டாலர் 75 சென்ட். அன்றன்றைக்கு டிக்கெட் வாங்கியிருந்தால் குறைவாகக்கூட முடிந்திருக்கலாம்.

அதனால் எத்தனை தடவை போக ஆசை என்று எண்ணாதீர்கள். பள்ளி நாட்காட்டியையும் கீயின் தடை நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு ஓய்வும் அங்கே அனுமதியும் சேர்ந்து வரும் நாட்களை மட்டும் பேனாவால் வட்டமிடுங்கள். அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார்கள், மலிபு கோயிலுக்குப் போக வேண்டியிருக்கும்.

தடை இல்லாத நாள் என்றால் நினைத்தவுடன் போகலாம் என்றும் எண்ண வேண்டாம். முன்பதிவு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். 2021-ல் 1,399 டாலருக்கு ட்ரீம் கீ என்று ஒன்று, தடை நாளே இல்லை என்று விற்றார்கள். ஆனால் பூங்கா திறந்திருந்தும் கீ வைத்திருப்பவர்களுக்கான முன்பதிவு இடம் சில நாட்களில் தீர்ந்துபோனது. வழக்கு நடந்து, தவறை ஒப்புக்கொள்ளாமலே 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது, ஆளுக்குச் சுமார் 67 டாலர் கிடைத்தது. எனவே வெள்ளி மாலை வேண்டுமென்றால் சில வாரம் முன்னாலேயே பதிந்து வையுங்கள். போக முடியாவிட்டால் முந்தைய இரவுக்குள் ரத்து செய்துவிடுங்கள். 90 நாளுக்குள் மூன்று முறை சொல்லாமல் வராமல் இருந்தால் 30 நாள் புதிதாகப் பதிய முடியாது. நாங்கள் ஒருமுறை ரத்து செய்ய மறந்தோம். அதிலிருந்து இரவு எட்டுக்கு போனில் அலாரம்.

அப்பா அம்மாவுக்குக் கீ வேண்டாம். விசிட்டிங் விசாவில் வருபவர்களுக்கு இமேஜின் கிடைக்காது, அதைவிட விலை கூடிய கீயை எடுத்தால் ஆறு மாதத்துக்கு ஓர் ஆண்டு விலை. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ ஒரு செவ்வாய், புதனில் ஒரு நாள் டிக்கெட் போதும். நாளுக்கு நாள் விலை மாறும், 2024-ல் 104 முதல் 206 வரை இருந்தது. என் அம்மா காரைக்குடியிலிருந்து வந்தபோது முட்டிவலி. வாசலுக்குப் பக்கத்திலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைத்தது. மார்க் ட்வெய்ன் படகு, 1963-லிருந்து நடக்கும் டீக்கி ரூம் பொம்மைப் பறவைப் பாட்டு, இரண்டையும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது மெயின் ஸ்ட்ரீட்டில் ஓடும் குதிரை டிராம். குதிரை எப்போது சாப்பிடும் என்று ஓட்டுகிறவரிடம் கேட்கச் சொன்னார்கள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஊருக்குப் போன பிறகும் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இரவுப் பணி:

அக்கா சொல்வது குழந்தைகள் உள்ள வீட்டுக்குச் சரி. எங்கள் நிலைமை வேறு, அதையும் எழுதி வைக்கிறேன். நான் நர்ஸ், வாரம் மூன்று இரவு பன்னிரண்டு மணி நேரப் பணி. மற்ற நாட்கள் காலி, அதுவும் வார நாட்கள். வீடு அனஹைமிலேயே. நானும் மனைவியும் 2024-ல் எடுத்தோம். எனக்கு 1,749 டாலருக்கு உயர்ந்த கீயான இன்ஸ்பயர், அவளுக்கு இமேஜின். இன்ஸ்பயரில் பார்க்கிங் சேர்ந்தே வருகிறது. ஒரு காருக்கு ஒரு கீயில் பார்க்கிங் இருந்தால் போதும், எல்லோரும் உயர்ந்த கீ எடுக்கத் தேவையில்லை. பார்க்கிங் அப்போது 35 டாலர். நாற்பது தடவைக்கு மேல் போயிருக்கிறேன், பார்க்கிங் மட்டுமே 1,400 டாலருக்கு வந்திருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் இன்ஸ்பயருக்கும் தடை உண்டு. எனக்கு அந்த வாரம் எப்படியும் பணிதான்.

இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்தால் மாலை நான்கு. வீட்டில் உட்கார்ந்தால் மனம் சோர்ந்துவிடும். அங்கே போய் ஒரு மணி நேரம் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவேன். ரைடு ஏறாத நாட்களே அதிகம். அந்த நடைக்காகவே எனக்கு இந்தப் பணம் தகும்.

சான் ஹோசே வாசகி:

வடக்கே இருப்பவர்களுக்கு: இமேஜின் நமக்குக் கிடையாது. கலிபோர்னியா முகவரி என்பதால் மற்ற கீகளுக்கு மாதத் தவணை உண்டு, அதைப் பார்த்து நாங்களும் மயங்கினோம். இங்கிருந்து காரில் ஆறு மணி நேரம். ஆண்டுக்கு ஒரு தடவை, தாங்க்ஸ்கிவிங் சமயத்தில் போக முடிந்தால் பெரிது. மூன்று நாள் டிக்கெட் வாங்கினோம். நாட்கள் கூடக் கூட ஒரு நாளின் விலை இறங்கும். ஹோட்டலை நடை தூரத்தில் எடுத்து, மதியம் வந்து பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு மறுபடி மாலையில் போனோம். அழுகை இல்லை.

இர்வைன் அப்பா:

அக்கா, மிக்க நன்றி. நேற்று இரவு நானும் மனைவியும் உட்கார்ந்து வட்டம் போட்டோம். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மூன்றரை வரை மீட்டிங். மகளுக்கு நீச்சல் வகுப்பு வேறு. மூன்றில் ஒன்றைக் கழித்த பிறகு ஆறு நாள் நிற்கிறது. ஆறுக்குத் தகுமா? தவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செரிடோஸ் அம்மா:

ஆறு என்றால் இப்போது வேண்டாம் தம்பி. மகளுக்கு இன்னும் ஒரு இன்ச் வளரட்டும். ஸ்பேஸ் மவுன்டன், பிக் தண்டர், ஸ்டார் டூர்ஸ், ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் எல்லாவற்றுக்கும் 40 இன்ச் வேண்டும். இன்று கீ எடுத்தால் அவள் பல ரைடுகளின் வாசலில் இருந்தே திரும்புவாள். 40 தொட்டதும் அதே பூங்கா அவளுக்குப் புதிதாக இருக்கும். நீங்கள் மகளோடு ஏறும்போது மனைவி மகனோடு வெளியே நிற்பார், அப்புறம் மறுபடி வரிசையில் நிற்காமல் மனைவி ஏறலாம். ரைடர் ஸ்விட்ச் என்று வாசலில் இருப்பவரிடம் சொன்னால் போதும்.

தவணைக்கு வட்டி இல்லைதான். ஆனால் பன்னிரண்டு மாதமும் கட்டியே ஆக வேண்டும், பாஸ் பணம் திரும்ப வராது. நம்மில் பலருக்கு நடுவில் புராஜெக்ட் மாறி டெக்சஸ், நியூ ஜெர்சி என்று போக நேர்கிறது. ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தால் அதை நினைத்து முடிவு செய்யுங்கள். கீ விற்பனையும் எப்போதும் திறந்திருக்காது, விலையும் ஏறிக்கொண்டே போகிறது (2021-ல் இமேஜின் 399-க்குத் தொடங்கியது). வாங்கும் அன்று டிஸ்னிலாண்ட் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு நாள் டிக்கெட்டில் போய், அன்று கீ விற்பனையில் இருந்தால், டிக்கெட் முடிவதற்குள் அந்தப் பணத்தைக் கீயின் விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அவசரப்பட்டு முன்னாலேயே எடுக்க வேண்டியதில்லை.

இர்வைன் அப்பா:

புரிந்தது அக்கா. மகனுக்கு மூன்று முடிவதற்குள் பிப்ரவரியில் ஒரு வார நாள் லீவு போட்டு மூன்று டிக்கெட்டில் போகிறோம். அப்பா அம்மாவுக்கு மே மாதம் ஒரு நாள். கீயை மகள் 40 இன்ச் ஆன பிறகு, செப்டம்பரில் பள்ளி நேரம் தெரிந்ததும் மறுபடி வட்டம் போட்டுப் பார்க்கிறோம். மனைவிக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்துவிட்டால் அந்த எண்ணிக்கையும் மாறும்.

செரிடோஸ் அம்மா:

நல்லது. மகனுடைய பிறந்த தேதி உள்ள பாஸ்போர்ட் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டலாம். பிப்ரவரியில் மாலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுங்கள். மகளிடம் காலையிலேயே கேட்டு இரண்டு ரைடு மட்டும் அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அதை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் அவள் போதும் என்று சொன்னால் மணி நான்கு ஆனாலும் கிளம்பிவிடுங்கள்.