ஃபாஸ்டெம் மாநாட்டுக்கு முதல் தடவை போகிறேன்: நாற்பது உரைகள் குறித்தாயிற்று, இது நடக்குமா?

ஆகன்வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் ஆகனில் முதுநிலை படிக்கிறேன், எம்பெடட் சிஸ்டம்ஸ் (கருவிகளுக்குள்ளேயே இருக்கும் சின்னக் கணினிகள்). பிரஸ்ஸல்ஸில் சனி, ஞாயிறு நடக்கும் ஃபாஸ்டெம் என்ற திறமூல மென்பொருள் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) மாநாட்டுக்கு இந்தத் தடவை போகலாம் என்று இருக்கிறேன். பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, நேராக உள்ளே போய் உட்காரலாம் என்று நண்பன் சொன்னபோது நம்பவில்லை. அவர்கள் தளத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அட்டவணையைத் திறந்ததும்தான் தலை சுற்றியது. ஒரே நேரத்தில் எத்தனையோ அறைகளில் என்னென்னவோ ஓடுகிறது. போனில் அவர்களுடைய அட்டவணைச் செயலியைப் போட்டு, பிடித்ததையெல்லாம் குறித்துக்கொண்டே போனதில் நாற்பதைத் தாண்டிவிட்டது. காலையில் ரஸ்ட் நிரல்மொழி, அங்கிருந்து எம்பெடட், நடுவில் ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் வடிவமைப்பு, மாலையில் பெரிய அரங்கமான ஜான்சன் என்று எக்செலில் நிமிடக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இது நடக்கிற காரியமா?

இன்னும் சில சந்தேகங்கள். முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேச எனக்கு வராது. ஆனால் கோடையில் ஒரு இன்டர்ன்ஷிப் தேவைப்படுகிறது, அங்கே யாரிடமாவது கேட்கலாமா? அப்புறம் நான் சைவம். இரண்டு நாளும் என்ன சாப்பிடுவது?

போஸ்ட்கிரஸ்காரி எழுதியது:

தம்பி, முதலில் அந்த எக்செலை மூடுங்கள்.

நான் லூவனில் இருக்கிறேன், டேட்டாபேஸ் வேலை. பிரஸ்ஸல்ஸ் பக்கத்து ஊர் என்பதால் வருடம் தவறாமல் போய்விடுவேன். நிமிடக் கணக்கோடு வருபவர்களை அங்கே பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, மழையில், போனைப் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள்.

காரணம் சொல்கிறேன். இது நடப்பது மாநாட்டு மண்டபத்தில் அல்ல, யூஎல்பி பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகத்தில். வார நாட்களில் மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பறைகள், அதே மடக்குப் பலகைகள். ஜான்சன் அரங்கில்தான் சுமார் 1400 பேர் உட்காரலாம், மற்றவை பெரும்பாலும் சின்னவை. வருபவர்களோ 8000-க்கும் மேல் என்கிறார்கள். பதிவே இல்லாததால் அதுவும் உத்தேசம்தான். தீ விபத்துப் பாதுகாப்பு விதிப்படி அறையில் யாரும் நிற்கக் கூடாது. இருக்கை நிரம்பியதும் கதவில் 'ஃபுல்' என்று தாளை மாட்டிவிடுவார்கள். வாலண்டியரிடம் கெஞ்சிப் பயனில்லை, ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே. ரஸ்ட், கோ (இதுவும் நிரல்மொழிதான்) அறைகளின் வாசல் வரிசை மாடிப்படி வரை வந்து நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் யூ கட்டடத்தில் ஒன்றை முடித்துவிட்டு கே கட்டடத்தின் நாலாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிப் போவீர்கள், அங்கே அந்தத் தாள் தொங்கும்.

நம் ஊர் கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிப்போமே, அந்த வித்தை இங்கே செல்லாது. முந்தைய பந்தியிலேயே உட்கார்ந்து, எழுந்திருக்காமல் இருப்பதுதான் வழி. அதாவது 11 மணி உரை வேண்டும் என்றால் பத்தரை மணி உரைக்கே உள்ளே போய்விடுங்கள். அதில் புரியாதது நாலு இருந்தால் இருக்கட்டும்.

நாற்பதில் முப்பத்தைந்தை இழந்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அநேகமாக எல்லா அறையும் நேரலையில் ஓடுகிறது, வீடியோ பதிவும் பிற்பாடு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆகனில் போர்வைக்குள் இருந்துகொண்டே பார்க்கலாம். அப்படியானால் எதற்கு நேரில் போக வேண்டும் என்றால், கேமரா நின்ற பிறகு நடப்பதற்காக.

உரை முடிந்ததும் பேசியவருக்கு மேடையில் நிற்க நேரம் இருக்காது. அடுத்தவர் தன் லேப்டாப்பை நீட்டியபடி காத்திருப்பார். இவர் ஒயரைப் பிடுங்கி, மேல்கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, பாதி மூடிய லேப்டாப்போடு வெளியே வருவார். நாலைந்து பேர் பின்னாலேயே போவார்கள். தாழ்வாரத்தில் ஒரு ஜன்னல் ஓரம், இல்லையென்றால் படிக்கட்டு. மேடையில் சொல்லாததெல்லாம் அங்கேதான் வரும். ஒரு தடவை போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் அறைக்கு வெளியே ஒருவர் தன் போனில் ஒரு குவெரி பிளானைக் காட்டினார், அதாவது கேட்ட தகவலை டேட்டாபேஸ் எப்படித் தேடப்போகிறது என்ற திட்டம். அதைப் போடும் பிளானர் ஒரே ஒரு வரி வரும் என்று கணித்திருக்கிறது, வந்ததோ லட்சக்கணக்கில், ஒவ்வொரு வரிக்கும் மறுபடி தேடும் நெஸ்டட் லூப்பில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்காக ஓடுகிறது. பேசியவர் படியில் உட்கார்ந்து போனைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நகரமும் பின்கோடும் தனித்தனி என்று அது நினைக்கிறது" என்றார். இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்து, அவற்றின் தொடர்பைக் கணக்கெடுக்க வைக்கும் கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் கட்டளையைப் போடச் சொன்னார். போஸ்ட்கிரஸ் 10-லிருந்தே இருக்கிற வசதி. கேட்டவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நானும் பக்கத்தில் நின்று ஓசியில் கற்றுக்கொண்டேன், எங்கள் ஆபீஸிலும் அதே வியாதி இருந்தது.

அதனால் அரை நாளுக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எம்பெடட் டெவ்ரூம் (ஒரே தலைப்புக்கென ஒதுக்கிய அறை) போதும். அது எந்த நாள் என்று பார்த்து, காலை முதல் உரைக்கே போய் உட்காருங்கள். ஒரே அறையில் இருந்தால் மதியத்துக்குள் முகங்கள் பழகிவிடும், பக்கத்து இருக்கைக்காரர் தானாகவே "நீ எதில் வேலை செய்கிறாய்" என்று ஆரம்பிப்பார். பேச வராது என்றீர்களே, ஓடிக்கொண்டே இருப்பவருக்குத்தான் அது உண்மையில் கஷ்டம்.

இன்டர்ன்ஷிப் பற்றி: இது வேலைவாய்ப்பு முகாம் அல்ல. பயோடேட்டாவை நீட்டினால் வாங்கியவர் பரிதாபமாகப் பார்ப்பார். ஏதாவது திறமூலத் திட்டத்தில் கை வைத்திருக்கிறீர்களா? ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்), ஒரு பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை), எதுவானாலும் சரி. இருந்தால் சொல்லுங்கள், அதை வைத்துப் பேசலாம்.

சாப்பாடு. வளாகத்தில் வண்டிக் கடைகள் நிற்கும், வாஃபிள் கிடைக்கும், சைவமும் ஏதாவது இருக்கும், மதியம் எல்லாவற்றுக்கும் நீளமான வரிசை. ஒன்று மட்டும் கவனம்: பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், இன்றும் பல கடைகளில் உண்டு. எதில் பொரித்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுவேன். அது முடியாவிட்டால் பக்கத்தில் இக்செல் கல்லறைத் தோட்டம் பக்கமாக நடந்தால் மாணவர்களுக்கான சின்ன உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. போகும்போதும் வரும்போதும் 71-ஆம் நம்பர் பஸ்தான், மத்திய ரயில் நிலையத்திலிருந்தே கிடைக்கும். சனிக்கிழமை காலை அது பிதுங்கும்.

வைஃபையில் ஒரு வேடிக்கை. 'ஃபாஸ்டெம்' என்ற பெயரில் இருப்பது வெறும் ஐபிவி6, அதாவது புதிய இணைய முகவரி முறை மட்டும். உங்கள் காலேஜ் விபிஎன் அதில் முரண்டு பிடித்தால் பழைய முறைக்கும் இடம் தரும் 'ஃபாஸ்டெம்-ஏன்ஷியன்ட்' என்று இன்னொன்று இருக்கும், அதில் ஏறிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கட்டாயம். முகக்கவசம் உங்கள் இஷ்டம். ஆனால் மாநாடு முடிந்த வாரம் பாதிப் பேர் இருமிக்கொண்டு கிடப்பது ஊரறிந்த கதை, நான் போட்டுக்கொள்கிறேன்.

கேமராக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதில் பாதிக்கு ஆமாம் போடுகிறேன். நாள் முழுக்க ஓர் அறை என்றால் அந்தப் பலகையில் இடுப்பு போய்விடும்! நான் எப்போதும் நமக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அறைக்கு ஒரு மணி நேரமாவது போவேன். ரயில் போக்குவரத்துக்கு ஒரு டெவ்ரூம், பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு டெவ்ரூம், சட்டமும் கொள்கையும் பேச ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி அறைகளில் இடமும் எனக்குக் கிடைத்திருக்கிறது, பேசுபவர்களும் ஆசையோடு பேசுகிறார்கள்.

பேசத் தயங்குபவருக்கு என் யோசனை வேறு. வாலண்டியராகப் பெயர் கொடுங்கள். மொத்த மாநாடும் தன்னார்வலர்களால்தான் ஓடுகிறது, 2000-இல் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். நான் பெரிய அறையில் கேமரா பிடித்திருக்கிறேன். பேசுபவர் மேடையில் நடந்தால் கேமராவைத் திருப்ப வேண்டும், மைக் ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான், அங்கேயே சொல்லித் தருவார்கள். உட்கார இடம் உறுதி. பேசுபவருக்கு மைக் மாட்டும் சாக்கில் இரண்டு வார்த்தை பேசியும் விடலாம், அறிமுகம் தேட வேண்டாம். வெள்ளிக்கிழமை மேசை நாற்காலி தூக்கும் வேலைக்கும் ஞாயிறு மாலை சுத்தம் செய்யும் வேலைக்கும் எப்போதும் ஆள் பற்றாக்குறை. எனக்கு நெருங்கிய பழக்கங்கள் கிடைத்தது குப்பை அள்ளிய நேரத்தில்தான்.

முனிச்_மாடிவீடு எழுதியது:

எதிர்க்கருத்து ஒன்று இருக்கட்டும். 2021, 2022 இரண்டு வருடமும் கொரோனாவால் இது முழுக்க ஆன்லைனில் நடந்தது. கேள்வி பதில் எல்லாம் மேட்ரிக்ஸ் அரட்டையில். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. குழந்தை தூங்கும் நேரத்தில் இரண்டு திரையில் இரண்டு அறை பார்த்தேன், கேள்வியை நிதானமாக டைப் செய்தேன், பேசியவரே உட்கார்ந்து பதில் எழுதினார். இப்போது நேரில் போனால் ஹோட்டலுக்கும் ரயிலுக்கும் செலவு, கூட்டத்தில் நசுங்கல், கதவில் ஃபுல் தாள். மாணவர் கையில் காசு குறைவு என்றால் நேரலையும் மோசமில்லை.

போஸ்ட்கிரஸ்காரி எழுதியது:

மாடிவீட்டார் முனிச்சிலிருந்து வர வேண்டும், கைக்குழந்தை வேறு. அவர் கணக்கு அவருக்குச் சரி. தம்பி ஆகனில் இருக்கிறார், அங்கிருந்து நேர் ரயிலில் வந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. எனக்குத் தெரிந்து இந்த ஊர்க்காரர்களைத் தவிர இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் குறைவு. வராமல் இருந்தால்தான் கேட்பேன்.

கேமராக்காரர் சொன்ன வாலண்டியர் யோசனை என்னுடையதைவிட நல்லது. எனக்குக் கனமான எதையும் தூக்கும் உத்தேசம் இல்லாததால் தோன்றவில்லை.

ஆகன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எக்செலை மூடிவிட்டேன். அக்கா கேட்டதற்குப் பதில்: தீசிஸுக்காக செஃபிர் என்ற திறமூல எம்பெடட் இயங்குதளத்தில் ஒரு சென்சார் டிரைவர் எழுதினேன். புல் ரிக்வெஸ்ட் (என் நிரலைச் சேர்த்துக்கொள்ளும்படி கோரிக்கை) போட்டு ரொம்ப நாளாகிறது. ஒருவர் வந்து டிவைஸ்ட்ரீ பைண்டிங்கை (வன்பொருளை எப்படி விவரிப்பது என்று சொல்லும் கோப்பு) மாற்றச் சொன்னார், மாற்றினேன், அப்புறம் சத்தமே இல்லை. அவரை அங்கே பார்த்தால் "என்னுடையதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்கலாமா? தொந்தரவாக நினைப்பாரோ?

வெள்ளிக்கிழமை இரவு பீர் நிகழ்ச்சிக்கு எல்லோரும் போவார்களாமே, நான் குடிப்பதில்லை. போகாவிட்டால் நஷ்டமா?

போஸ்ட்கிரஸ்காரி எழுதியது:

இவ்வளவு பெரிய சரக்கைக் கையில் வைத்துக்கொண்டா பயோடேட்டா யோசித்தீர்கள்!

"பாருங்களேன்" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் வரிசையில் உங்களுடையது போல நூறு கிடக்கும், சிரித்துவிட்டு மறந்துவிடுவார். விஷயமாகக் கேளுங்கள். "பைண்டிங்கில் இந்த ப்ராப்பர்ட்டியை இப்படி மாற்றினேன், ஆனால் இன்டரப்ட் பின் இல்லாத போர்டுகளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை" என்கிற மாதிரி, அவரால் நின்ற இடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒன்று. உண்மையிலேயே உங்களுக்கு எங்கே சந்தேகமோ அதைக் கேளுங்கள். புல் ரிக்வெஸ்ட் பக்கத்தைப் போனில் ஆஃப்லைனில் சேமித்து வையுங்கள், கூட்டத்தில் நெட்டை நம்ப முடியாது. பேச்சு ஓடினால் அவரே அந்த ரிக்வெஸ்ட்டின் எண்ணைக் குறித்துக்கொள்வார். திங்கட்கிழமை அந்தப் பக்கத்திலேயே "நேற்று பேசியபடி" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அவர் வருகிறாரா என்று அட்டவணையில் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டாலும் எம்பெடட் அறையில் அந்தத் திட்டத்து ஆட்கள் யாராவது இருப்பார்கள், ஸ்டாண்டு (திட்டத்தை அறிமுகப்படுத்தும் மேசை) போட்டிருந்தால் இன்னும் சுலபம். ஸ்டாண்டுக்குச் சனிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஸ்டிக்கர் வேட்டைக்காரர்கள் மொய்ப்பார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு மேல் போங்கள். தூரத்து ஊர்க்காரர்கள் ரயிலுக்கும் விமானத்துக்கும் கிளம்பியிருப்பார்கள், மேசைக்குப் பின்னால் இருப்பவர் களைத்துப்போய் யாராவது உருப்படியாகப் பேச வரமாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பார். இன்டர்ன்ஷிப் பேச்சை அப்போது எடுக்கலாம். செஃபிரில் வேலை செய்பவர்களில் பலர் சிப் கம்பெனிகளில் சம்பளம் வாங்குபவர்கள், தங்கள் டீமில் ஆள் எடுக்கிறார்களா என்று அவர்களுக்குத் தெரியும். டிரைவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிய பிறகு "உங்கள் பக்கம் கோடையில் மாணவர்களை எடுப்பீர்களா" என்று கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

பீர் விஷயம்: டெலிரியம் கஃபே, பழைய ஊருக்குள் ஒரு சந்தில் இருக்கிறது. உள்ளே பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழாது. குடிப்பவர்களுக்கே அது பேசுகிற இடம் இல்லை, எட்டிப் பார்க்கும் இடம். போகாவிட்டால் ஒரு நஷ்டமும் கிடையாது, வெள்ளி இரவு நன்றாகத் தூங்கிவிட்டு சனி காலை முதல் ஆளாக வாருங்கள்.

ஹோட்டல் விலை அந்த வார இறுதியில் ஏறியிருக்கும். லூவனில் அறை பார்த்தால் கொஞ்சம் குறையலாம், பிரஸ்ஸல்ஸுக்கு ரயில் அடிக்கடி உண்டு. ஞாயிறு இரவு திரும்புவதற்கு ஆய்ப்பன் போகும் பெல்ஜிய ரயிலில் ஏறி, எல்லைக்குப் பக்கத்தில் வெல்கன்ரெட்டில் மாறினாலும் ஆகன் வந்துவிடலாம், ஜெர்மன் விரைவு ரயிலான ஐசிஇ டிக்கெட்டைவிட மலிவாக இருக்கலாம். கடைசி இணைப்பு எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.