மறு: பாயின்ட் லைட் டிஸ்ப்ளேவுக்குத் தமிழ்ல என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக பாயின்ட் லைட் டிஸ்ப்ளேவுக்கு, அதாவது ஒரு ஆளோட மூட்டுல வச்ச வெளிச்சப் புள்ளி மட்டும் அசையுறதைக் காட்டுற படத்துக்கு, தமிழ்ப் பேர் தேடுறோம். ஐயா சொன்னது இது:

> "ஒளிப்புள்ளி உருவம்"னு வச்சிடலாம், சொன்னவுடனே புரியுது

ஐயா, சொல்லு நல்லாத்தான் இருக்கு, நானும் ரெண்டு நாளா அதையே எழுதிப் பார்த்தேன். ஆனா அந்த "உருவம்"ங்கிற பாதி உறுத்திக்கிட்டே இருக்கு.

1973ல ஸ்வீடன்ல குன்னர் யோஹான்சன்ங்கிற உளவியல் ஆய்வாளர் செஞ்சதை நினைச்சுப் பாருங்க. ஒரு ஆளோட தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால்னு மூட்டு மூட்டா வெளிச்சப் புள்ளி வச்சு, அந்தப் புள்ளி மட்டும் தெரியுற மாதிரி நடக்க விட்டுப் படம் பிடிச்சாரு, மொத்தமே பத்துப் பன்னிரண்டு புள்ளிதான். அந்தப் படத்தை ஒரு இடத்துல நிறுத்துனா கருப்புத் திரையில என்னமோ சிதறிக் கிடக்குற மாதிரி இருக்கும், அதுல ஒரு ஆள் இருக்காருன்னு தோணவே தோணாது. ஓட விட்டா ஒரு நொடி கூட ஆகாது, ஒருத்தர் நடந்து போறது பளிச்சுன்னு தெரியும். அதையே தலைகீழா திருப்பிப் போட்டா, அதே புள்ளி அதே வேகம்தான், ஆனா பார்க்குறவங்க திணறிப் போறாங்க. அப்போ உருவம் திரையில எங்க இருக்கு? திரையில இருக்குறது புள்ளியும் அதோட அசைவும் மட்டும்தான், உருவத்தைக் கட்டுறது பார்க்குறவரோட மூளை, அது எப்படிக் கட்டுதுன்னுதான் ஆய்வே நடக்குது. அதைக் கொண்டுபோய்த் தூண்டலோட, அதாவது பார்க்குறவருக்குக் காட்டுற படத்தோட, பேர்லயே வச்சா கேள்வித்தாள்லயே விடையை அச்சடிச்ச மாதிரி ஆயிடும். அதனால "ஒளிப்புள்ளி அசைவு"ன்னு வைக்கலாம்ங்கிறது என் கருத்து.

பயாலஜிக்கல் மோஷனுக்கு, அதாவது உயிருள்ளது அசையுற விதத்துக்கு, "உயிரியல் இயக்கம்" வேண்டவே வேண்டாம், படிக்கிறவங்க அது ஏதோ பாடப்பிரிவு, இல்லைன்னா சங்கம்னு நினைச்சுப்பாங்க. "உயிரசைவு" போதும்.

இன்னும் முக்கியமானது உணர்ச்சிப் பகுதி. 2006ல வந்த ஒரு அசைவுத் தொகுப்புல 30 பேரை, தொழில்முறை நடிகர்கள் இல்லை, நடக்க, கதவு தட்ட, தூக்க, எறியச் சொல்லி, ஒவ்வொண்ணையும் கோபம், மகிழ்ச்சி, சோகம், சாதாரணம்னு மோஷன் கேப்ச்சர்ல, அதாவது உடம்போட அசைவைக் கருவியால அளந்து, பதிவு பண்ணாங்க. கதவு தட்டுற ஒரு கையை மட்டும் பாருங்க, கோபம்னா வெடுக்குனு வேகமா வரும், சோகம்னா தயங்கித் தயங்கி மெதுவா எழும்பும், முகமே வேண்டாம். ஆனா இதை "கோப அசைவு"ன்னு எழுதினா, நடிச்சவர்கிட்ட நாம சொன்ன கோபமா, பார்த்தவர் கண்ட கோபமா? வேகமா தட்டுறதை மகிழ்ச்சின்னு எடுத்துக்கிறவரும் இருக்கலாம் இல்லையா? "கோபமாக நடித்த அசைவு"ன்னு நீட்டி எழுதுறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

இப்படி உடம்புல தெரியுற உணர்ச்சிக்கு நம்மகிட்ட பழைய சொல்லே இருக்கு, மெய்ப்பாடு. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு சொல்லுது. மெய்யில படுறது, அதாவது உடம்புல வெளிப்படுறது. உள்ள இருக்குறதுக்கு உணர்ச்சி, உடம்புல தெரியுறதுக்கு மெய்ப்பாடுன்னு பிரிச்சு வச்சா "மெய்ப்பாடு அறிதல்"னு ஒரு முழு ஆய்வுத் துறைக்கே பேர் கிடைச்சிடுது, இதை நினைச்சா எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு.

—

வணக்கம் தம்பி,

மெய்ப்பாடு அருமை, உயிரசைவும் சரி. ஒரு சிக்கல் இருக்கு. இந்த ஆய்வுகள்ல ஒப்பீட்டுக்குன்னு புள்ளிகளை இடம் மாத்திக் கலைச்சும் காட்டுவாங்க, ஒவ்வொரு புள்ளியும் தன் போக்குல அப்படியே அசையும், ஆனா தோள் இருந்த இடத்துல கணுக்கால் இருக்கும், ஆள் தெரியாது. நீ சொல்ற பேர்ல அதுவும் ஒளிப்புள்ளி அசைவுதானே? ரெண்டையும் எப்படிப் பிரிப்ப?

—

அக்கா, நல்ல கேள்வி, ஆனா அதுவே என் பக்கம்தான் வருது பாருங்க. "கலைத்த ஒளிப்புள்ளி அசைவு"ன்னா அங்க நடக்குறது அப்படியே இருக்கு. "கலைத்த ஒளிப்புள்ளி உருவம்"னு சொன்னா இல்லாத உருவத்தைக் கலைச்சதா ஆயிடும். ரெண்டும் ஒரே குடும்பப் பேர்ல இருந்து, "கலைத்த", "கலைக்காத"ன்னு முன்னாடி ஒரு சொல்லு மட்டும் மாறுறதுதான் அட்டவணையில எழுதவும் வசதி.

ஐயாவுக்கும் இது சரின்னா ஒளிப்புள்ளி அசைவு, உயிரசைவு, மெய்ப்பாடுன்னு இந்த மூணு சொல்லையும் பட்டியல்ல ஏத்திடலாம். "தூண்டல்"ஆ "தூண்டி"யான்னு இன்னொரு இழையில கேட்டிருந்தீங்க, அதை அங்க பேசுவோம்.