பொருள்: லஹார் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘எரிமலைச் சேற்றோட்டம்’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம்.

எரிமலைச் சாம்பலும் கல்லும் நீரோடு கலந்து சரிவில் பாய்ந்து வருவதுதான் லஹார். ‘சேறு’ என்றதும் நாற்று நடும் வயல்தான் கண்முன் வருகிறது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையிலிருந்து 1985 நவம்பர் 13 இரவு இறங்கியது அப்படிப்பட்டதல்ல. 5,321 மீட்டர் உயர மலை, உச்சி நிறைய உறைபனி. வெடிப்பு பெரியதுகூட இல்லை. கக்கிய சூட்டுச் சாம்பலும் கல்லும் பனியை உழுதுகொண்டு ஓடியதில், அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உருகியது. அந்த நீர் பள்ளத்தாக்கில் பாயும்போதே மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு, காங்கிரீட் கலவைபோலக் கெட்டியாகி, போகப் போகப் பருத்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அர்மேரோ என்ற ஊர் புதைந்தது. மொத்தம் ஏறத்தாழ 23,000 உயிர்கள். 1595-லும் 1845-லும் இதே மலை இப்படி இறங்கியிருக்கிறது. 1845-இல் வந்து படிந்த மண்மேல்தான் அந்த ஊரே நின்றது.

மலை சரிந்து இறங்கினால் மூணாறில் நாங்கள் ‘உருள் பொட்டிருச்சு’ என்போம். மலையாளத்தோடு பழகி வந்த பேச்சு. ஆனால் ‘உருள்’ நம் வேர்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு இங்குள்ள பெட்டிமுடியில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நிலச்சரிவில் அடித்துப்போய் 70 பேர் இறந்தார்கள். சில நாள் கழித்து ஆற்றோரம் போனேன். ஆள் உயரப் பாறை இடுக்கில் ஒரு தேயிலைச்செடி, வேர் மேலாக, தலைகீழாகச் செருகிக் கிடந்தது. வெறும் தண்ணீரோ வெறும் சேறோ அந்தப் பாறையை அங்கே கொண்டுவந்து வைத்திருக்காது.

ஆகவே என் முன்மொழிவு ‘உருள்வெள்ளம்’. குறளின் ‘உருள்பெருந்தேர்’ போல வினைத்தொகை, ஒற்று மிகாது. எரிமலையில் வருவது ‘எரிமலை உருள்வெள்ளம்’. ‘குழம்பு’ ஏற்கெனவே லாவாவுக்குப் போய்விட்டதால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

– மூணாறிலிருந்து

*

தம்பி,

சொல் பிடித்திருக்கிறது. ‘பனி’யைப் பெயருக்குள் நுழைக்காதது சரி. பிலிப்பைன்ஸின் பினத்துபோ எரிமலையில் 1991 வெடிப்புக்குப் பின் பல ஆண்டுகள் மழையே சாம்பலைக் கரைத்து இறக்கியது. பனிக்கு அங்கே வேலையில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 1996-இல் ஐஸ்லாந்தின் வாட்னயோகுல் பனிப்பரப்புக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் பள்ளத்தில் ஒரு மாதம் தேங்கி, நவம்பர் 5-இல் பிய்த்துக்கொண்டு பாலங்களை வாரிப்போனது. இதையும் உருள்வெள்ளம் என்பாயா?

– கோவையிலிருந்து

*

இல்லை ஐயா. அது தேங்கி உடைவது. ஏரி ‘உடைப்பெடுத்தது’ என்கிறோமே, அதே நிகழ்வு. கரை மட்டும் பனி. ‘பனியாற்று உடைப்பு’ போதும்.

‘லஹார்’ ஜாவாக்காரர்கள் தங்கள் மலையடியில் பேசிய சொல். உலகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. எங்கள் மலையடியில் பேசும் சொல்லையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுங்கள் என்று கேட்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.