பனிக்கால வாசல் கதவுக்கு யோசனை சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. நாங்கள் கனடாவில, ரொறன்ரோ ஸ்கார்பரோவில இருக்கிறம். நத்தாரும் பொங்கலும் முடிஞ்சுட்டுது, கதவில இன்னும் நத்தார் ரீத் (பைன் இலையில செய்த வட்ட வளையம்) தான் தொங்குது. சிவப்பு ரிப்பனையும் மணிகளையும் கழற்றினால் பைன் இலை பச்சையாத்தான் இருக்கு. வெளிக்குளிரில அது கெதியில காயாது, எறிய மனமே வரேல்லை. மார்ச் மட்டும் நிற்கிற மாதிரி பனிக்கால அலங்காரமா மாற்ற விருப்பம்.

பைன் கோன், கறுவாப்பட்டை, வெளிர்நீல ரிப்பன் எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறன். காயவைச்ச தோடம்பழ வட்டங்களும் வைக்க ஆசை, ஆனால் இங்கத்தை அணில்கள் விட்டுவைக்குமோ? ஆராவது வைச்சுப் பார்த்தனீங்களோ?

சூட்டுப் பசை மைனஸ் 15இல வெடிச்சுக் கழன்று போகும் எண்டபடியால் மெல்லிய கம்பியால கட்டத்தான் யோசிக்கிறன். கதவு இரும்பு, காந்தக் கொக்கி பிடிக்கும். பெரிய யோசனை வெளிக் கண்ணாடிக் கதவுதான். பின்னேர வெயில் நேரா அடிக்கேக்க ரெண்டு கதவுக்கும் நடுவில நல்லாச் சூடேறுது, இலை அதில கருகிப்போகும். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ரீத்தைக் கொழுவினால் காத்துக்குத் தாங்குமோ? ரப்பர் உறிஞ்சுக் கொக்கி குளிருக்கு விழுந்திடும்.

மற்றது, அம்மாவுக்கு நிலையில மாவிலை இருக்கவேணும். உண்மை இலை இந்தக் குளிரில கறுத்துப்போகும். நிறம் மங்காத துணித் தோரணம் இங்க எங்க வாங்கலாம்? நீல ரிப்பனோட அது சேருமோ, இல்லாட்டி ரிப்பனை மஞ்சளாக்கவோ? உங்கட கதவுப் படங்கள் இருந்தால் போடுங்கோ, அம்மாவுக்கும் காட்டவேணும்.