ஸ்கிராட்சில் ஃபிபனாச்சி: 4-லிருந்து தப்பாக வருகிறது

வணக்கம். ஏழாவது படிக்கும் என் மகள் ஸ்கிராட்ச் 3-ல் (பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) ஃபிபனாச்சி எண் (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் வரும் எண்) கண்டுபிடிக்கும் ஒரு பிளாக் செய்திருக்கிறாள். அது தன்னைத்தானே இரண்டு முறை அழைக்கும். 3 வரை விடை சரி. 4 கொடுத்தால் 3 வரவேண்டும், 2 வருகிறது. 6-க்கு 8 வரவேண்டிய இடத்தில் 3.

விண்டோஸ் 10 மடிக்கணினி, இணையம் இல்லாமல் ஓடும் பதிப்பு. நான்கு நாளாக இதே கதை.

நாமே செய்யும் பிளாக் மதிப்பைத் திருப்பித் தராது என்பதால் ‘விடை’ என்ற மாறியில் வைக்கிறோம். முதல் அழைப்பின் விடையை ‘முதல்’ என்ற மாறிக்கு மாற்றினோம். இரண்டாவது அழைப்பு உள்ளே போய் அதையும் அழித்துவிடுகிறது. ஸ்கிராட்சில் அந்த அழைப்புக்கு மட்டுமான மாறி கிடையாதே!

பட்டியலில் அடுக்கிவைத்துப் பார்த்தோம், விடை சரியாக வந்தது. ஆனால் பிளாக்குகள் நீண்டுபோய் அவளுக்குப் புரியவில்லை. ஸ்கிராட்ச் போன்ற இன்னொரு மென்பொருளான ஸ்னாப்பில் எளிதாக முடிந்தது. ஆனால் ஒரு வருடமாக அவள் செய்த விளையாட்டுகள் எல்லாம் ஸ்கிராட்சில்தான் இருக்கின்றன, அதை விட அவளுக்கு மனசில்லை.

பட்டியல் இல்லாமல், பிளாக்கின் உள்ளீட்டையும் ஒரே ஒரு மாறியையும் வைத்து ஸ்கிராட்சிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?